சாவி ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் நடந்த ஒருநாள் பயிற்சியில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



எனக்குத் தந்த தலைப்பு "தோட்டக் கமிட்டியும் பொதுச் சொத்தும்". அதைப் பற்றிப் பொதுவாகக் கதைக்க எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் இருக்கும் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது பத்து வருடம் ஒரே இடத்தில் நின்றது. இன்று ஓடுகிறது. எப்படி நின்றது, எப்படி ஓடியது என்று சொன்னால் தலைப்பும் அதற்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ராத்திரியைச் சொல்ல வேண்டும். 2023 ஜூன் மாதம். நம்ம பக்கத்தில் ஜூன் மாத மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேல் டிவிசனில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி. என்னிடம் ஓ.எல். வரை படித்த பிள்ளை. அம்புலன்ஸுக்கு அடித்தோம். பெரிய ரோட்டு வரை வரும். அதற்கு மேல் எங்கள் பாதையில் ஏறாது. ஓட்டோக்காரத் தம்பி வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த வளைவுல தண்ணி ஓடுது, ஏலாது" என்றான். கடைசியில் நம்ம பாட்டன் பூட்டன் செய்ததைத்தான் செய்தோம். கம்பளியில் கம்பு கட்டி நாலு பேர் தூக்கினார்கள். மூன்று மைல் இறக்கம்.

பாதி வழியில், டர்பன்டைன் மரத்தடி வளைவில், மழை கண் தெரியாமல் அடித்தது. அங்கேதான் அந்த பிக்கப் நின்றது. அதற்கு மேல் ஒரு கிழிந்த ரப்பர் சீட்டு. அந்தச் சீட்டை இழுத்துப் பிடித்து, அதற்குக் கீழே அந்தப் பிள்ளையை வைத்தோம். கூட வந்த மருத்துவச்சிப் பாட்டி வண்டியின் பொனட்டில் ஒரு அடி அடித்தார். "இது ஓடியிருந்தா இந்நேரம் புள்ள ஆஸ்பத்திரியில இருப்பா. இதுக்கா நாங்க மாசாமாசம் காசு குடுத்தோம்?" என்றார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது எங்கள் கெட்டித்தனம் இல்லை. மழை கொஞ்சம் விட்டது, அவ்வளவுதான்.

பாட்டி கேட்ட கேள்விக்கு அங்கே நின்ற யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த வண்டியின் சாவி எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

தோழர்களே, அந்த பிக்கப் எப்படி வந்தது என்று சொல்கிறேன். டொயோட்டா ஹைலக்ஸ். 2446 சி.சி. டீசல் என்ஜின். ஸ்ரீ எழுத்து உள்ள பழைய இலக்கத் தகடு. 1998ல் எங்கள் தோட்டத்து மரண சகாய சங்கம் அதை வாங்கியது. துரை வாங்கித் தரவில்லை. எந்த எம்.பி.யும் தரவில்லை. லயத்து ஜனங்கள் மாதம் 20 ரூபாய், 25 ரூபாய் என்று வருடக்கணக்கில் கட்டிய காசு. நான் அப்போது சின்னப் பிள்ளை. வண்டி வந்த அன்று கோயிலடியில் தேங்காய் உடைத்து, எங்களை எல்லாம் பின்னால் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நோயாளியைக் கொண்டுபோவது, ஆஸ்பத்திரியில் இருந்து பிரேதத்தைக் கொண்டுவருவது, சோதனை நாளில் பிள்ளைகளை டவுனுக்கு இறக்குவது, திருவிழாவுக்கு அரிசி மூட்டை ஏற்றுவது என்று எல்லாம் அந்த வண்டிதான்.

2013ல் நின்றது. வண்டியில் ஒரு கோளாறு வந்தது. கிளட்ச் மிதித்தால் கியர் விழவில்லை. சாதாரண நாளாக இருந்தால் டவுனுக்கு இழுத்துப் போய்த் திருத்தியிருப்பார்கள். ஆனால் அந்த மாதம்தான் மரண சகாய சங்கத்துக்குத் தெரிவு நடந்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கம். தெரிவில் சண்டை. கணக்குக் காட்டு என்று ஒரு பக்கம். நீ யார் கேட்க என்று ஒரு பக்கம். சாவி எங்கள் பக்கம் இருந்தது. வண்டிப் புத்தகம் மற்றப் பக்கம் இருந்தது. சாவி இல்லாமல் வண்டியை எடுக்க ஏலாது. புத்தகம் இல்லாமல் லைசன் போட ஏலாது. யாரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

அன்று தோட்டத் தலைவராக இருந்தவர் என் அப்பா. அவர் சங்கத்துக்காக உழைத்தவர், வேலை நிறுத்தக் காலத்தில் பொலிஸில் ஒரு ராத்திரி இருந்தவர். காசு தின்னவில்லை. ஆனால் சாவியைக் கொடுக்கவும் இல்லை. "நம்ம ஆளுங்க கட்டுன காசு, அவனுங்க கையில போகக்கூடாது" என்பார். அப்போது இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய நானும் அதையே சொன்னேன். அவர் பெயரில் காரியாலயத்துக்குப் போன கடிதத்தை எழுதியது நான்தான். நல்ல தமிழில், கையெழுத்து அழகாக எழுதினேன். இன்று இந்த மேடையில் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த மழை ராத்திரிக்குப் பிறகு அப்பாவிடம் சாவியைக் கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பிரட்டுக்குப் போகும் நேரத்தில் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மொதல்ல பிரேக்கப் பாரு."

சாவி கிடைத்ததும் நான் மற்றப் பக்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். வயதில் பெரியவர், நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். சாவியை அவர் கையில் கொடுத்தேன். "புத்தகத்தைத் தாங்க என்று கேக்க வரல்ல சித்தப்பா. இதையும் நீங்களே வச்சிக்கங்க. கோயில்ல கூட்டம் போடுவோம், வாங்க" என்றேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டத்துக்குச் சாவியையும் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பிக் கேட்ட கேள்வி முக்கியமானது. உங்கள் தோட்டத்திலும் இதைக் கேட்பார்கள். "டீச்சர், பாதை போட்டுத் தர வேண்டியது அவங்க. ஆஸ்பத்திரிக்கு வாகனம் தர வேண்டியது அவங்க. நாங்க எதுக்கு எங்க காசில வண்டி திருத்தணும்? அவங்க பொறுப்ப நாங்க ஏன் தூக்கணும்?"

நியாயமான கேள்வி. ரயில் கண்டிக்கு வந்தது 1867ல். நானுஓயாவுக்கு வந்தது 1885ல். கோப்பியையும் பிறகு தேயிலையையும் இறக்குவதற்காகத்தான் இந்த மலைகளில் பாதை வெட்டினார்கள். நம்ம தோட்டத்துப் பாதையைப் பாருங்கள். மலையில் இருந்து ஸ்டோருக்குக் கொழுந்து லொறி போகும் பாதை ஓரளவு நன்றாக இருக்கும். லயத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை கல்லும் குழியுமாக இருக்கும். கொழுந்து வாடக்கூடாது என்று அவசரப்படுகிறவர்கள், ஆள் வாடுவதைப் பற்றி அவசரப்படுவதில்லை. அதைக் கேட்க வேண்டியது நம் கடமை. விடவே கூடாது.

ஆனால் நான் அந்தத் தம்பியிடம் இரண்டு விசயம் சொன்னேன். ஒன்று, அடுத்த பிரசவ வலி பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்காது. இரண்டாவது, "எங்கள் சொந்த வண்டியைப் பத்து வருடம் உக்க விட்டோம்" என்ற வாயோடு போய் மற்றவன் பொறுப்பைப் பற்றிக் கேட்டால், கேட்கிற நமக்கே குரல் எழும்பாது. வண்டியைத் திருத்துவது கோரிக்கையை விடுவதற்கு இல்லை. கோரிக்கையை நிமிர்ந்து கேட்பதற்கு.

இனி வண்டிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று நிற்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பிக்கப் விலைகூட நம்ம கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. இருப்பதை எழுப்புவதுதான் நமக்கு வழி.

எங்கள் ஸ்டோரில் முப்பது வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். ரோலர், என்ஜின் எல்லாம் அவர் கையில் வளர்ந்தது. அவரைக் கூட்டிப்போனோம். வண்டியைச் சுற்றி மானாப் புல் இடுப்பளவு. பையன்கள் புது பெட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோமா தாத்தா?" என்றார்கள். தாத்தா திட்டினார். "பத்து வருசமா படுத்துக் கெடந்தவன எழுப்பி ஓடச் சொல்லுவியா? மொதல்ல கை கால அசைக்கச் சொல்லு."

அதுதான் முதல் பாடம். நீண்ட காலம் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. உள்ளே சிலிண்டர் சுவரில் துரு பிடித்திருக்கும். பிஸ்டன் வளையம் ஒட்டியிருக்கும். வேகமாகச் சுற்றினால் வளையம் உடையும், சுவர் கீறும். தாத்தா பழைய ஒயிலை இறக்கினார். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். நல்லகாலம், கறுப்பாகத்தான் வந்தது. பிறகு நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஒரு கிழமை விட்டுவிட்டார். அடுத்த ஞாயிறு முன்பக்கப் புலியின் நட்டில் சாவி போட்டுக் கையால் தள்ளினார். அசையவில்லை. இன்னும் ஒயில். இன்னும் ஒரு கிழமை. மூன்றாம் ஞாயிறுதான் ஒரு விரல் அளவு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். ஒரு விரல் அளவுக்குக் கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது டைமிங் பெல்ட். இந்த என்ஜினில் அது ரப்பர். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் ஒரு விளக்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டி ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். ஓடும்போது அது அறுந்தால் வால்வில் பிஸ்டன் இடிக்கும், என்ஜின் முடிந்தது. அதனால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். தண்ணி ஹோஸ், டீசல் ஹோஸ் எல்லாமும் அப்படித்தான். இந்த வண்டியில் ஒல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வெக்குவம் பம்ப் இருக்கிறது. பிரேக் லேசாகப் பிடிக்க உதவுவது அதுதான். அதற்குப் போகும் ஒயில் ஹோஸ் வெடித்தால் என்ஜின் ஒயில் முழுக்க ரோட்டில் போகும். அதையும் மாற்றினோம்.

டீசல் டாங்கியைக் கழற்றினால் உள்ளே கறுப்புச் சளி. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து அப்படி ஆகிறது என்று பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் அங்கேயே நடந்தது. டாங்கிக்குள் சின்னக் கல்லும் ஒரு துண்டுச் சங்கிலியும் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, நாலு பையன்கள் பிடித்து ஆட்டினார்கள். ஐந்து முறை கழுவிய பிறகுதான் தெளிவாக வந்தது. டீசல் பம்பையும் நோசிலையும் டவுன் பம்ப் ரூமுக்கு அனுப்பினோம். அதை வீட்டில் திறக்கக் கூடாது. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடு. அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணியிருந்தால் அத்தனையும் என்ஜினுக்குள் போயிருக்கும். எலி கடித்த வயர்களை, கொழும்பில் கராஜில் வேலை செய்யும் எங்கள் தம்பி ஒருவன் லீவில் வந்து ஒவ்வொன்றாக மாற்றினான்.

இதற்கிடையில்தான் தாத்தா கிளட்சைக் கழற்றினார். அன்று என்னைக் கூப்பிட்டு, உள்ளங்கையை நீட்டச் சொல்லி, ஒன்றை வைத்தார். இந்தத் தீப்பெட்டிக்குள் கொண்டுவந்திருக்கிறேன், முன்வரிசையில் இருந்து கை மாற்றிக் கை பார்த்துவிட்டுத் தாருங்கள். ஒரு ரப்பர் கப். கட்டை விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரியது. கீழ் கிளட்ச் சிலிண்டருக்குள் இருப்பது. ஓரம் கிழிந்திருக்கிறது பாருங்கள். கிளட்ச் மிதித்தால் ஒயில் இதைத் தாண்டிக் கசியும், கியர் விழாது. 2013ல் வந்த கோளாறு இவ்வளவுதான். ஒரு பின்னேர வேலை. ஒரு நாள் சம்பளத்துக்கும் குறைந்த காசு.

மற்ற எல்லாம், அதாவது ஒட்டின பிஸ்டன், உக்கின தரை, அழுகின டாங்கி, எலி கடித்த வயர், பிடித்துப்போன பிரேக், வெடித்த டயர், இதெல்லாம் கோளாறால் வந்தது இல்லை. நின்றதால் வந்தது. தாத்தா சொன்னார், "ஓடி ஓடித் தேஞ்ச வண்டிய நான் எத்தனையோ பாத்திருக்கேன் டீச்சர். சும்மா நின்னு தேஞ்சதுதான் திருத்தக் கஷ்டம்."

பிரேக்குக்கு வருகிறேன். அப்பா சொன்னதை மறக்கவில்லை. நம்ம பாதையில் ஏறுவதற்கு என்ஜின் வேண்டும், இறங்குவதற்கு உயிர் வேண்டும். நாலு சக்கரத்திலும் சிலிண்டர் துருப்பிடித்து நின்றது. பிரேக் ஒயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே இருந்து அரிக்கும். சிலிண்டர், ஷூ, இரும்புக் குழாய், ஹோஸ் எல்லாம் புதிது. டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். எங்கள் டயரில் 0811 என்று இருந்தது. 2011ம் வருடம் எட்டாம் கிழமை செய்தது. பூ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. "பூ இருக்கே, போதுமே" என்றார்கள். ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அது வெடித்தால் என்ன செய்வது? மாற்றினோம்.

தீபாவளிக் கிழமை என்ஜினை ஸ்டார்ட் பண்ணினோம். சாவியைத் திறந்ததும் டீசல் பம்பில் "டிக்" என்று ஒரு சத்தம் வரவேண்டும். வந்தது. வடிகட்டிக்கு மேல் இருக்கும் கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தார்கள். நோசில் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, டீசல் வரும்வரை சுற்றி, பிறகு இறுக்கினார்கள். தாத்தா ஒரு தட்டையான பலகையைக் கையில் வைத்துக்கொண்டு காற்று வாயருகில் நின்றார். டீசல் என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கினால் சாவியைப் பூட்டி நிறுத்த முடியாமல் போகலாம், காற்று வாயை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். பலகை தேவைப்படவில்லை. மூன்றாம் முறை பிடித்தது. வெள்ளைப் புகை டர்பன்டைன் மரத்துக்கு மேலே போனது. லயத்தில் இருந்து ஜனங்கள் இறங்கி ஓடிவந்தார்கள். என் அப்பாவும் சித்தப்பாவும் வண்டிக்கு இரண்டு பக்கத்தில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு அது போதும்.

புகைச் சான்றிதழ், காப்புறுதி, லைசன் எல்லாம் எடுத்து, தைப்பொங்கல் அன்று வண்டி பெரிய ரோட்டுக்கு இறங்கியது.

கணக்கு கேட்பீர்கள். கேட்க வேண்டும். 212 குடும்பம், மாதம் 300 ரூபாய், ஆறு மாதம் என்று தீர்மானம். அன்று நாள் சம்பளம் 1,000 ரூபாய். அதில் 300 சின்னக் காசு இல்லை. முதல் மாதம் கட்டியது 94 குடும்பம்தான். "இதுவும் போச்சு" என்றார்கள். மாதர் குழு அக்காமார் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு பில்லையும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினார்கள். பிள்ளையை விட வரும் தாய்மார் தினமும் பார்த்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். ஆறாம் மாதம் 183 குடும்பம் கட்டியது. குடும்பங்கள் கட்டியது மொத்தம் 279,000. கொழும்பில் கடைகளிலும் கராஜிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் அனுப்பியது 108,000. செலவு 381,400. மிச்சம் 5,600. அதுவும் சுவரில் இருக்கிறது.

இப்போது வண்டியை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். திருத்துவது பெரிய காரியம் இல்லை தோழர்களே, திருத்தினதை வைத்திருப்பதுதான் காரியம். நாலு ஒழுங்கு வைத்திருக்கிறோம்.

ஒன்று, வண்டியில் எந்தச் சங்கத்தின் கொடியும் கட்டக் கூடாது. நம்ம சங்கத்தின் கொடியும் சேர்த்துத்தான். இதற்கு நம்ம ஆட்கள் சிலருக்கு என்னோடு இன்னும் கோபம்.

இரண்டு, சாவி இரண்டு. ஒன்று மேல் டிவிசனில், ஒன்று கீழ் டிவிசனில். தலைவர்மார் வீட்டில் இல்லை. ராத்திரியில் கதவு தட்டினால் திறக்கும் வீட்டில். புத்தகம் மாதர் குழுப் பெட்டியில். பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சங்கத்து அக்காமாரிடமும் ஒவ்வொரு சாவி.

மூன்று, ஞாயிறு காலை எட்டரைக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பெரிய ரோட்டு வரை போய்வர வேண்டும். யாருடைய முறை என்று வருடம் முழுவதற்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. சும்மா நின்று ஸ்டார்ட் பண்ணினால் போதாது. பிரேக்கும் கிளட்சும் ஓடினால்தான் உயிரோடு இருக்கும். ஓட்டத் தெரியாதவர்களுக்கும் முறை உண்டு. ஒயில், தண்ணி, டயர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும்.

நாலு, ஓட்டப் புத்தகம். எந்த நாள், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், என்ன காரணம், எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனோம். நோயாளியின் பெயர் எழுதுவதில்லை. முதல் பன்னிரண்டு மாதத்தில் 58 ஓட்டம். 37 ஆஸ்பத்திரிக்கு, அதில் ஒன்பது பிரசவம். ஆறு மரணம். மிச்சம் 15 சோதனைக்கும் கோயிலுக்கும். அந்த 37ல் 22 ராத்திரி எட்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடையில்.

அந்தக் கடைசிக் கணக்கை எடுத்துக்கொண்டுதான் நிர்வாகத்தோடு பேசப் போனோம். முன்பெல்லாம் போய், "ராத்திரியில் கஷ்டம்" என்போம். "யாருக்கு, எப்போ?" என்பார்கள். நாம் முழிப்போம். இந்த முறை புத்தகத்தை மேசையில் வைத்தோம். எந்த வளைவில் எத்தனை நிமிடம் போகிறது என்றுகூட இருந்தது. அந்தக் கேள்வி வரவில்லை. தண்ணி ஓடும் அந்த வளைவில் மதகு கட்டித் தந்திருக்கிறார்கள். மேல் டிவிசன் பாதை இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதுவோம், கேட்போம். கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தம்பிதான் இப்போது ஓட்டப் புத்தகத்துக்குப் பொறுப்பு.

எங்கள் பிக்கப் அம்புலன்ஸ் இல்லை. அதில் ஒக்சிசன் இல்லை, தாதி இல்லை. அம்புலன்ஸ் நிற்கும் இடம் வரை ஆளை இறக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் நமக்குக் கிடைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் கம்பளியில் கம்பு கட்டித் தூக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் தூக்கவில்லை.

உங்களுக்கு வீட்டுவேலை தராமல் ஒரு டீச்சர் போகக் கூடாது. உங்கள் தோட்டத்துக்குப் போய், நிற்கிற பொதுச் சொத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். வண்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. பூட்டிக் கிடக்கும் வாசிகசாலை இருக்கலாம். மூலையில் கிடக்கும் தையல் மெசின் இருக்கலாம். கூட்டமே போடாத மரண சகாய சங்கமாகவும் இருக்கலாம். மூன்று கேள்வி கேளுங்கள். சாவி யாரிடம்? புத்தகம் யாரிடம்? கடைசியாக யார், எப்போது அதைத் திறந்து பார்த்தார்? பதிலை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சாவி நம்ம வீட்டிலேயே இருந்தால், அதையும் எழுதுங்கள்.

தீப்பெட்டி பின்வரிசை வரைக்கும் போய்விட்டதா? அதை மட்டும் மறக்காமல் திருப்பித் தாருங்கள். நாளை ஞாயிறு, வண்டிக்கு என் முறை. எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும் என்றால் நான் இன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.